அப்பா காதால் படித்த சொல்

என் அப்பா சபாரத்தினம் நோர்வே மொழியை எந்த வகுப்பிலும் இருந்து படிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, நாட்டின் வடக்கு நுனியில் உள்ள வார்தோ தீவில் மீன் வெட்டும் வேலைக்குப் போனார். பக்கத்தில் நின்று வெட்டிய பெண்கள் என்ன கதைத்தார்களோ அதுதான் அவருக்குப் பாடம். ஒஸ்லோவில் "நான்" என்பதற்கு "யாய்" என்பார்கள். வடக்கில் "ஏ" மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான். அப்பா இன்றைக்கும் "ஏ" என்றுதான் சொல்வார்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து டாக்சி ஓடத் தொடங்கினார். ஏறுகிறவர்கள், இந்தக் கறுத்த வழுக்கைத் தலை மனிதர் வடக்குக் கரை மீன்காரர் மாதிரிக் கதைப்பதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் பலருக்கு அந்தக் கேள்வி எரிச்சல். அப்பாவுக்கு அது பிடிக்கும். "வார்தோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் அவர்களின் முகத்தைப் பார்ப்பார்.

மீன் மேசையில் படித்தது பாதி என்றால் மீதியை டாக்சி வரிசையில் படித்தார். வண்டியை விட்டு இறங்கி நின்று கோப்பி குடிக்கிற இடம் அது. சோமாலியர், பாகிஸ்தானியர், நோர்வேக்காரர், தமிழர் எல்லோரும் நிற்பார்கள். அங்கேதான் அப்பாவுக்கு "யோதெ" என்ற சொல் கிடைத்தது. மீட்டர் காட்டிய காசைச் சில்லறை சில்லறையாக எண்ணித் தந்துவிட்டுப் போகிறவர் யோதெ. சிகரெட் கேட்டால் இல்லை என்கிறவர் யோதெ. கஞ்சன் என்று அப்பா விளங்கிக்கொண்டார். யாரும் அவருக்கு வேறு விளக்கம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தச் சொல் வீட்டுக்கும் வந்தது. அம்மா தேத்தண்ணீரை அரைக் கோப்பை ஊற்றினால், "யோதெ மாதிரி ஊத்தாதையும் யோகராணி" என்பார். அம்மா அதைத் தமிழ்க் கடைக்காரரைப் பற்றிச் சொல்வார். நான் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்து வளர்ந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் "வள்ளல்" என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டபோது "யோதை" என்று எழுதினேன். அருள்ராணி ரீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, இது உங்கடை ஊர்ப்பக்கத்துச் சொல்லோ என்று கேட்டார். ஓம் என்றேன். நல்ல தமிழிலை "கருமி" எண்டு எழுது பிள்ளை என்றார்.

அதே நேரம் என் நோர்வேப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ, jøde (வாசித்தால் யோதெ) என்ற சொல்லைச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். யூதர். பெடியன்கள் மைதானத்தில் அதைத் திட்டாகக் கத்துவதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லையும் அப்பாவின் தேத்தண்ணீர்ச் சொல்லையும் நான் ஒருபோதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி. இரண்டு மொழியில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களும் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2008ஆம் ஆண்டு கோடையில் எனக்குப் பள்ளி முடிந்தது. கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகம் என்று போனார்கள். எனக்கு எதைப் படிக்க வேண்டும் என்று தெரியவில்லை. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சப்பாத்துக் கடை ஒன்றில் வேலை செய்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. வன்னியில் சண்டை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தொலைக்காட்சி எந்நேரமும் ஓடியது, அம்மா எந்நேரமும் தொலைபேசியில் இருந்தார். அப்போது புருசெத் நூலகத்தில் ஓர் அறிவித்தல் பார்த்தேன்.

ஹில்டெ என்ற மண்பாண்டக் கலைஞர் எங்கள் பகுதிச் சனத்தைச் சேர்த்து ஒரு வேலை தொடங்கியிருந்தார். நோர்வேயில் எந்த வீட்டுக் கதவிலும் ஒரு சின்னப் பலகை இருக்கும். "இங்கே வசிப்பவர்கள்" என்று எழுதி, கீழே குடும்பத்தின் பெயர்கள். ஜேர்மனியர் நாட்டைப் பிடித்திருந்த 1942ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி ஒஸ்லோவிலிருந்து கப்பலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்ட யூதக் குடும்பங்களுக்கு அப்படிக் கதவுப் பலகைகளைக் களிமண்ணில் செய்வது, அதே திகதியில், அவர்கள் வாழ்ந்த வீட்டுக் கதவுகளில் ஒரு நாளைக்கு மட்டும் மாட்டுவது. இதுதான் திட்டம். ஒருவருக்கு ஒரு குடும்பம்.

நான் பெயர் கொடுத்தேன். முதல் மாலை அப்பா என்னை டாக்சியில் கொண்டுவந்து ஹில்டெயின் பட்டறை வாசலில் இறக்கினார். மழை. உள்ளே வாஃபல் சுடுகிற மணம். கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்று வந்தவருக்கு ஹில்டெ ஒரு கட்டி களிமண்ணைக் கையில் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குப் பாஸ்கின் குடும்பம் கிடைத்தது. ரோசா, அவருடைய மாமியார் தினா, ஆறு வயது மகள் மிரியம். வெட்கப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டார். திரும்பி வரும்போது வண்டிக்குள் சொன்னார்: "எங்கடை கதையை ஆராவது கேக்க வேணுமெண்டா, மற்றவையின்ரை கதையை நாங்கள் முதல் இருந்து கேக்க வேணும்." அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை எனக்கு முன்னரே தயாராகி நிற்பார்.

அங்கே எமிலி என்று ஒரு வயதான அம்மா வருவார். எப்போதும் பச்சைக் கம்பளித் தொப்பி. ஹில்டெயின் கோப்பி பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் இரண்டு கோப்பை குடிப்பார். அப்பாவின் "ஏ"யைக் கேட்டதிலிருந்து அவரை "வார்தோக்காரர்" என்றே கூப்பிட்டார். அப்பா அவருக்கு வாஃபல் எடுத்துக் கொடுப்பார். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

இரண்டாவது கிழமை எமிலி தன் கதையைச் சொன்னார். அப்பாவின் கையிலிருந்த பெயர்களைப் பார்த்துத்தான் தொடங்கினார். பாஸ்கின் வீடு குரூனர்லொக்காவில் எமிலியின் வீட்டுக்கு எதிர்க்கதவு. மிரியம் அவருடைய விளையாட்டுத் தோழி. ஆண்களை ஒரு மாதம் முந்தியே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நவம்பர் விடியலில் எமிலியும் தாயும் மேல்மாடிக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தார்கள். யன்னல் சீலைக்குள்ளால் எமிலி கீழே பார்த்தார். நோர்வேப் பொலிஸ் ரோசாவையும் கிழவியையும் மிரியத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. வீதியில் நின்றது பொலிஸ் வாகனம் அல்ல. டாக்சி. அன்றைக்கு நகரத்து டாக்சிகளைத்தான் பொலிஸ் பிடித்து ஓடவிட்டிருந்தது.

சாரதி இறங்கிப் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தாராம். கதவைத் திறந்து பிடித்தாராம். மிகவும் மரியாதையான மனிதர் என்றார் எமிலி. அதற்குப் பிறகு, சுவீடனுக்குத் தப்பிப் போய் யுத்தம் முடிந்து வந்த பிறகும், தான் எந்த டாக்சியிலும் ஏறியதில்லை என்றும் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, உங்களைச் சொல்லவில்லை வார்தோக்காரரே என்றார். எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள்.

எமிலி யூதர் என்பது அப்பாவுக்குத் தெரியும். தமிழில் தெரியும். மேசையில் எல்லோரும் குடும்பங்களின் பெயர்களைத்தான் சொன்னார்கள். நான்தான் வண்டிக்குள் சொல்லியிருந்தேன்: அவை யூத ஆக்கள், ஹிட்லர் காலத்துக் கதை அப்பா.

மூன்றாவது கிழமை களிமண் போதவில்லை. வரவேண்டிய பொதி வரவில்லை. ஹில்டெ இருந்ததை வெட்டி எல்லோருக்கும் மெல்லிய துண்டாகப் பங்கிட்டுக்கொண்டு வந்தார். அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். தன் துண்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, வடக்குப் பேச்சில் உரக்கச் சொன்னார்:

"யோதெயாய் இராதையுங்கோ ஹில்டெ, இன்னும் கொஞ்சம் வெட்டுங்கோ."

நோர்வேக்காரர் கோபப்பட்டால் சத்தம் போடமாட்டார்கள், மேசையைப் பார்ப்பார்கள். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஹில்டெயின் கழுத்து சிவந்தது. எனக்கு அந்த நொடியில்தான் இரண்டு சொல்லும் ஒன்றாயின. தேத்தண்ணீர்ச் சொல்லும் சரித்திரப் புத்தகச் சொல்லும். அப்பா மட்டும் சிரித்தபடி சுற்றிப் பார்த்தார், பகிடி விளங்கவில்லையாக்கும் என்று.

எமிலி தன் களிமண்ணை நூலால் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியை அப்பாவுக்கு முன்னால் தள்ளினார்.

அப்பாவுக்குச் சந்தோசம். ஹில்டெயைப் பார்த்து, "பார்த்தீங்களோ, இவ யோதெ இல்லை" என்றார்.

"இல்லை," என்றார் எமிலி. "நான் யோதெதான்."

குரலை உயர்த்தவில்லை. கோப்பியைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொன்னேன்: "அப்பா, யோதெ எண்டா யூதர்."

அவர் முகத்தில் என்ன நடந்தது என்பதை என்னால் எழுத முடியாது. செய்ததை மட்டும் எழுதுகிறேன். யாரிலாவது கால் பட்டால் நாங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதைச் செய்தார். எமிலி கொடுத்த களிமண்ணைத் தொட்டு இரண்டு கண்ணிலும் வைத்தார். இமைகளில் சாம்பல் நிறத்தில் மண் ஒட்டியது. அழுகிறார் என்று நினைத்து ஹில்டெ முகம் துடைக்கக் கடதாசி கொண்டுவந்து நீட்டினார். எமிலிக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. அப்பா எழுந்து மேலங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வெளியே வந்தபோது வண்டிக்குள் விளக்குப் போடாமல் இருந்தார். மண் இன்னும் இமையில் இருந்தது.

"யோதெ," என்றார். "யூத. கிட்டக் கிட்ட ஒரே சத்தம். எனக்கு ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை. பாதியில் நின்ற பலகையில் "இங்கே வசிப்பவர்கள்" என்பதும் ரோசாவின் பெயரும் மட்டும் இருந்தன. எமிலி கொடுத்த பாதிக் களிமண்ணோடு சேர்த்து, ஹில்டெ அதை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தட்டில் வைத்தார், காயாமல் இருப்பதற்காக. மேலே அப்பாவின் பெயர். ஒவ்வொரு கிழமையும் நான் அந்தப் பையைப் பார்ப்பேன். சூளை வைக்கிற நாள் நெருங்கியது. அதற்கு முன் பலகை முடியாவிட்டால் பாஸ்கின் வீட்டுக் கதவு மட்டும் வெறுமையாக இருக்கும். மகள் முடிக்கலாமே என்று ஹில்டெ கேட்டார். நானும் ஓம் என்றேன். எமிலி தலை நிமிராமல், "அது அவர் தொடங்கியது. இருக்கட்டும்" என்றார்.

இதை வீட்டில் சொன்னேன். அப்பா கேட்காதது மாதிரிச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மாறிப்போயிருந்தார். வண்டியில் ஏறுகிறவர்களோடு கதைப்பதில்லை. எங்கே என்று கேட்பார், எவ்வளவு என்று சொல்வார், அவ்வளவுதான். வீட்டில் திடீரென்று என்னைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு நோர்வேச் சொல்லைச் சொல்லிக் கேட்பார்: "இந்தச் சொல்லுக்குள்ளை ஆரும் இருக்கினமோ?" பெரும்பாலும் இல்லை. இரண்டொன்றில் இருந்தார்கள். ஒன்றில் வடக்கின் சாமி மக்கள். இன்னொன்றில் கறுப்பர், அதாவது நாங்களும்தான். அதைச் சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை.

அம்மா தன் பங்குக்கு ஆறுதல் சொன்னார். "இஞ்சாருங்கோ, தெரியாமல்தானே சொன்னனீங்கள். தெரியாமல் சொன்னதுக்கு ஆர் என்ன செய்யிறது? ஒருக்கால் போய் எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்."

அது சரி என்று எனக்கும் பட்டது. அப்பாவுக்கும் பட்டிருக்க வேண்டும். என்னிடம் ஒரு வசனம் கேட்டார். ஒஸ்லோக்காரர் கதைக்கிற மாதிரி, பிழையில்லாமல், "அது யாருடைய பெயர் என்று எனக்குத் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று. நான் எழுதிக் கொடுத்தேன். குளியலறைக்குள் நின்று "யாய், யாய்" என்று பழகுவது கேட்டது. ஆனாலும் போகவில்லை.

பிறகு ஒரு நாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என்னோடு கதைத்தார். டாக்சி வரிசையில் செபஸ்ரியன் மாமா, அவரும் எங்கள் ஆள்தான், எவரோ ஒரு பயணியை யோதெ என்று திட்டினாராம். அது ஒரு சனத்தின்ரை பேர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். செபஸ்ரியன் மாமா சிரித்துவிட்டு, "சபா அண்ணை, அது எனக்குத் தெரியுந்தானே. நான் அவையை நினைச்சுச் சொல்லேல்லை. எனக்கு அவையோடை என்ன கோபம்?" என்றாராம். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்களாம்.

"அந்த டிரைவர் இருக்கிறானே," என்றார் அப்பா.

எந்த டிரைவர் என்று கேட்டேன்.

"எமிலியம்மா சொன்னவன். பெட்டியைத் தூக்கி வைச்சவன். யுத்தம் முடிய அவனை ஆரும் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்? எனக்குத் தெரியாது, நான் ஓடச் சொன்ன இடத்துக்கு ஓடினனான் எண்டுதான் சொல்லியிருப்பான். நீ எழுதித் தந்த வசனமும் அதுதானே பிள்ளை."

சூளைக்கு முந்திய மாலை அவர் என்னோடு வந்தார். ஹில்டெ ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக் கொடுத்தார். எமிலி எதிரே இருந்தார், பச்சைத் தொப்பியோடு. "நல்ல மாலை, சபாரத்தினம்" என்றார். பெயரைச் சரியாகச் சொன்னார். அதுதான் முதல் தடவை. வார்தோக்காரர் என்று சொல்லவில்லை என்பது எனக்கே சுட்டது என்றால் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும். அவர் குனிந்து வேலை செய்தார். எழுத்துகள் நேராக வரவில்லை. மிரியத்தின் பெயருக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து விளிம்பில் நெருக்கி நின்றது. அழித்து எழுதட்டோ என்று என்னைத் தமிழில் கேட்டார். எமிலிக்குக் கேள்வி விளங்கியிருக்க வேண்டும். வேண்டாம் என்று தலையசைத்தார்.

நவம்பர் 26 ஒரு புதன்கிழமை. அப்பா டாக்சியை எடுக்கவில்லை. பலகையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டி-பானெயில், நிலத்தடி ரயிலில், வந்தார். எமிலியும் புருசெத்தில்தான் ஏறினார். நகரத்தில் இறங்கி மூவரும் ட்ராமில் குரூனர்லொக்காவுக்குப் போனோம்.

இப்போது அந்த வீட்டில் இருப்பது கைக்குழந்தையோடு ஓர் இளம் சோடி. முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள். கதவில் ஆணி தயாராக இருந்தது. அப்பா பலகையைப் பிடிக்க எமிலி கம்பியை மாட்டினார். இங்கே வசிப்பவர்கள்: ரோசா, தினா, மிரியம் பாஸ்கின். எமிலி திரும்பி எதிர்க்கதவைப் பார்த்தார். அது அவருடைய பழைய கதவு. பிறகு அந்தச் சோடிக்கு அப்பாவைக் காட்டி, பலகையைச் செய்தவர் இவர்தான் என்றார். அவர்கள் நன்றி சொல்லிக் கை நீட்டினார்கள். அப்பா கையைக் கொடுத்த விதத்தைப் பார்க்க, களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவர் மாதிரி இருந்தது.

படியில் இறங்கும்போதுதான் சொன்னார். பழகிய வசனம் ஒன்றும் வரவில்லை. "யாய்" வரவில்லை. "ஏ"தான் வந்தது.

"அது ஆற்றை பேர் எண்டு எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இருந்தனான். ஆனா அது ஒரு ஆளைக் கீழை தள்ளுற சொல் எண்டு தெரியும். அது தெரிஞ்சுதான் சொன்னனான். கனகாலமாய்ச் சொன்னனான். வீட்டிலை பிள்ளைக்கு முன்னாலையும் சொன்னனான்."

எமிலி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மூச்சை உள்ளே இழுத்தபடி "யா" என்றார். நோர்வேப் பெண்கள் அப்படிச் சொல்வார்கள். அது சரி என்பதா, கேட்டேன் என்பதா, யாருக்கும் தெரியாது. பிறகு இறங்கத் தொடங்கினார்.

எமிலி எங்களோடு திரும்பவில்லை, யாரையோ பார்க்க இன்னொரு பக்கம் போக வேண்டியிருந்தது. ட்ராம் தரிப்பிடத்தில் அப்பா அவருக்குச் சற்றுப் பின்னால் நின்றார். போகச் சொல்லவில்லை என்பதால் நின்றார் என்று நினைக்கிறேன். ட்ராம் வளைவில் தெரிந்தபோது எமிலி திரும்பினார்.

"கஞ்சனுக்கு எங்கள் நோர்வே மொழியில் வேறொரு சொல் இருக்கிறது," என்றார். "யெரி."

"யெரி," என்றார் அப்பா.

"அதற்குள் ஒருவரும் இல்லை."

ட்ராம் வந்து நின்றது, எமிலி ஏறினார், கதவு மூடியது. "இந்தச் சொல்லுக்குள்ளை ஆரும் இருக்கினமோ" என்ற அப்பாவின் கேள்வியை நான் எமிலியிடம் சொன்னதேயில்லை. அவராகவே அப்படிச் சொன்னார்.

டி-பானெயில் திரும்பி வரும்போது, மடியில் வெறும் துவாயை வைத்துக்கொண்டு, புருசெத் வரும் வரைக்கும் அப்பா வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். பலகைகளை அடுத்த நாள் கழற்றிவிட்டார்கள். எமிலியின் அழைப்பில் மறு வருடமும் அதே திகதியில் அந்தக் கதவுக்குப் போனோம். அப்போதும் அவர் சபாரத்தினம் என்றுதான் கூப்பிட்டார்.

இதை எழுதட்டோ என்று அப்பாவிடம் கேட்டேன். எழுது, ஆனா என்னை நல்ல ஆளாய் முடிக்காதை என்றார். அதனால் இதையும் எழுதுகிறேன். டாக்சி வரிசையில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. சில நாள் அவர் ஏதாவது சொல்கிறாராம். சில நாள் கோப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறாராம். நின்றுவிட்டு வந்த நாட்களில் எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு அம்மா தேத்தண்ணீரை அரைக் கோப்பை ஊற்றிக் கொடுத்தாலும் அப்பா நிரப்பச் சொல்லாமல் குடித்துவிடுவார். யெரி என்ற அந்த நல்ல சொல்லையும் அவர் இதுவரை ஒருவரையும் பார்த்துச் சொன்னதில்லை.